தங்க வயலும் தங்க வாயிலும்: விமானத் தொலைவும் விமான நேரமும்

தொலைவு என்னும் சொல்லை நாம் நாள்தோறும் பன்முறை வழங்குகிறோம். ஆயினும், அச்சொல்லின் பொருள் யாது என்று ஒரு கணம் நின்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. “உங்கள் ஊர் எவ்வளவு தூரம்?” என்று ஒருவரைக் கேளுங்கள். “எண்பது கிலோமீட்டர்” என்று ஒருவர் விடை பகர்வார். “இரண்டரை மணி நேரம்” என்று மற்றொருவர் கூறுவார். முன்னவர் இடத்தை அளக்கிறார். பின்னவர் காலத்தை அளக்கிறார். இரண்டும் ஒன்றுதானா? ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கணக்கிட்டுப் பெற இயலுமா? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் கோலார் தங்க வயலில் பிறந்து வளர்ந்தவன். சயனைடு மண்மேடுகளையும், பழைய சுரங்கங்களின் இரும்புக் கோபுரங்களையும் பார்த்து வளர்ந்த எனக்கு, தொலைவு என்றால் முதலில் நினைவுக்கு வருவது கீழ்நோக்கிய தொலைவுதான். எங்கள் ஊர்ச் சாம்பியன் ரீஃப் சுரங்கம் நிலமட்டத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக அது எண்ணப்பட்டது. எங்கள் பாட்டனார் தலைமுறை ‘கேஜ்’ என்னும் கூண்டில் ஏறிக் கீழே இறங்கியது. இன்றைய தலைமுறையோ விமானம் ஏறி, பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் கடல் கடந்து செல்கிறது. ஆதலால், நாம் ஏறும் விமானத்தின் பாதையையும் நேரத்தையும் நாமே கணக்கிட்டு அறிவது பொருத்தமே அன்றோ?

ஆராய்ச்சிக்கு எடுத்துக்காட்டாக இரண்டு விமான நிலையங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, எங்கள் ஊருக்கு அண்மையில் உள்ள பெங்களூர் கெம்பேகௌடா விமான நிலையம். இது 2008 மே 24 அன்று செயற்படத் தொடங்கியது. மற்றொன்று, அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான்பிரான்சிஸ்கோ விமான நிலையம். எங்கள் ஊர் தங்க வயல். அந்நகரின் கடல்வாயிலுக்குப் பெயரோ ‘தங்க வாயில்’! கலிபோர்னியாவில் தங்கம் கண்டெடுக்கப்பட்டது 1848-ல். அப்பெயர் சூட்டப்பட்டதோ அதற்கு முன்னரே, 1846-ல். தங்கம் பிந்தியது, பெயர் முந்தியது. பெயர் ஒற்றுமை ஒருபுறம் இருக்க, இவ்விரு நகரங்களையும் இடைநிற்காமல் இணைத்த விமானப் பயணம் 2021 சனவரியில் பலராலும் பேசப்பட்டது. ஏர் இந்தியா நிறுவனத்தின் போயிங் 777 விமானத்தைத் தலைமை விமானி ஜோயா அகர்வாலும், அவருடன் மூன்று பெண் விமானிகளும் வட துருவப் பகுதி வழியாகச் செலுத்திப் பெங்களூருக்குக் கொண்டுவந்தனர். விமானச் சேவைகள் வரும், போகும். இரு ஊர்களுக்கு இடையிலான தொலைவோ மாறுவதில்லை. அத்தொலைவைக் காண்போம்.

முதற்படி: ஒரே கோட்டில் அமைந்த இரண்டு ஊர்கள்

கடினமானதை அறியுமுன் எளியதை அறிதல் நலம். பூமியை உருண்டை என்று கொள்வோம். அதன் சராசரி ஆரம் 6,371 கிலோமீட்டர். சுற்றளவு 40,030 கிலோமீட்டர். ஒரு வட்டத்திற்கு 360 பாகைகள் உண்டு என்பதை நாம் அறிவோம். சுற்றளவை 360-ஆல் வகுத்தால் 111.2 கிடைக்கும். அதாவது, பூமியின் மையத்தில் ஒரு பாகைக் கோணம், பூமியின் மேற்பரப்பில் 111.2 கிலோமீட்டர். இந்த ஓர் எண்ணை மனத்தில் இருத்திக்கொண்டால், எஞ்சியவையெல்லாம் எளிதாகும்.

சென்னை விமான நிலையம் வட அட்சரேகை 13.0 பாகையில் உள்ளது. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் 9.8 பாகையில் உள்ளது. இரண்டும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், 80 பாகையை ஒட்டி அமைந்தவை. எனவே, அட்சரேகைகளின் வேறுபாடாகிய 3.2 பாகையை 111.2-ஆல் பெருக்கினால் போதும். விடை 356 கிலோமீட்டர். பலாலி 2019 அக்டோபர் 17 அன்று பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது; அதன்பின் சென்னைக்கு விமானப் போக்குவரத்தும் தொடங்கிற்று.

அத்தடத்தில் பறந்தது, இறக்கையில் விசிறி சுழலும் சிறு விமானம். அது மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதாகக் கொண்டால், 356 கிலோமீட்டரை 43 நிமிடங்களில் கடந்துவிட வேண்டும். கால அட்டவணையோ ஒரு மணி நேரத்துக்கு மேல் காட்டுகிறது! காரணம் என்ன? கால அட்டவணையில் காணப்படும் நேரம், விமானம் நிற்குமிடத்தை விட்டு நகரும் கணம் முதல், மறுமுனையில் நிற்குமிடத்தை அடையும் கணம் வரை உள்ள நேரமாகும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதல், முறை வரும்வரை காத்திருத்தல், மெல்ல மெல்ல மேலேறுதல், இறங்குமுன் வேகத்தைக் குறைத்து வளைந்து வருதல் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். பயணம் குறுகியதாயினும் நீண்டதாயினும் இவற்றிற்கு அரைமணி நேரம் ஏறக்குறையச் செலவாகும். குறுகிய பயணத்தில் இது பெரும்பகுதி. நீண்ட பயணத்தில் இது சிறுபகுதி.

இரண்டாம் படி: தட்டைப் படம் செய்யும் மயக்கம்

இனிப் பெங்களூருக்கு வருவோம். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலகப் படத்தை எடுத்து, பெங்களூருக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் இடையே கிழக்குத் திசையில் ஒரு நேர்க்கோடு வரையுங்கள். அக்கோடு வங்கக் கடல், பர்மா, சீனத்தின் தென்பகுதி ஆகியவற்றின் மேலாகச் சென்று, பசிபிக் மாகடலை நெடுகக் கடந்து கலிபோர்னியாவை அடையும். பார்வைக்கு இதுவே நேர்வழி. ஆனால், உருண்டையின் மீது இவ்வழியை அளந்தால் ஏறத்தாழ 16,110 கிலோமீட்டர் ஆகிறது.

படத்தை விட்டுவிட்டு, மேசையில் இருக்கும் பூகோள உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலின் ஒரு முனையைப் பெங்களூரின்மேல் வைத்து, மறுமுனையைச் சான்பிரான்சிஸ்கோவின்மேல் இறுகப் பிடியுங்கள். நூல் என்ன செய்கிறது? அது பசிபிக் கடலின் நடுவில் கிடக்க மறுக்கிறது. வழுக்கிக்கொண்டு வடக்கே ஏறுகிறது! திபெத்து, மங்கோலியா, சைபீரியா என்று சென்று, கோலிமா ஆறு கடலிற் கலக்கும் இடத்திற்கு வடக்கே, உறைந்த கிழக்குச் சைபீரியக் கடலைத் தொட்டு, அலாஸ்கா வழியாகத் தெற்கே இறங்குகிறது. அதன் உச்சிப் புள்ளி வட அட்சரேகை 71 பாகையை எட்டுகிறது. வெயிலில் வாடும் பெங்களூரும், குளிர்ந்த கலிபோர்னியாவும் பனிக்கடலின் வழியாகவே ஒன்றுக்கொன்று மிக அண்மையில் உள்ளன என்பது வியப்பன்றோ?

தட்டைப் படம் பொய் சொல்கிறதா என்றால், அது வேண்டுமென்றே சொல்லும் பொய் அன்று. உருண்டையின் தோலை உரித்துத் தட்டையாக விரிக்க முயன்றால் எங்கேனும் கிழியும், அல்லது எங்கேனும் இழுபடும். சாத்துக்குடிப் பழத்தின் தோலைக்கொண்டு இதனைச் சோதிக்கலாம். மெர்க்கேட்டர் 1569-ல் அமைத்த படமுறை, வடக்கும் தெற்கும் செல்லச் செல்ல நிலத்தை அகலமாக இழுத்துக் காட்டுகிறது. மாலுமி ஒரே திசைகாட்டிக் கோணத்தில் கப்பலைச் செலுத்துவதற்கு அது பெருந்துணை புரிந்தது. தொலைவை அளப்பதற்கோ அது ஏற்றதன்று.

பூமியின் மையம் வழியாக ஒரு தளத்தால் வெட்டினால் மேற்பரப்பில் தோன்றும் வட்டத்தைப் ‘பெருவட்டம்’ என்பர். உருண்டையின்மேல் இரு இடங்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழி, அவ்விரண்டின் ஊடாகவும் செல்லும் பெருவட்டத்தின் பகுதியே ஆகும். நூல் காட்டிய வழி அதுதான்.

மூன்றாம் படி: கணக்கு

நூலைக்கொண்டு அளந்தது போதாது; எண்ணைக்கொண்டும் அளப்போம். முக்கோணவியல் கற்றவர்களுக்குக் கீழ்வரும் விதி கடினமாகத் தோன்றாது.

மையக் கோணத்தின் கொசைன் = (முதல் அட்சத்தின் சைன் × இரண்டாம் அட்சத்தின் சைன்) + (முதல் அட்சத்தின் கொசைன் × இரண்டாம் அட்சத்தின் கொசைன் × தீர்க்கரேகை வேறுபாட்டின் கொசைன்).

பெங்களூர் விமான நிலையம்: வட அட்சம் 13.2, கிழக்குத் தீர்க்கம் 77.7. சான்பிரான்சிஸ்கோ விமான நிலையம்: வட அட்சம் 37.6, மேற்குத் தீர்க்கம் 122.4. ஒன்று கிழக்கு, மற்றொன்று மேற்கு. ஆதலால் தீர்க்கங்களைக் கூட்ட வேண்டும். கூட்டினால் 200.1 பாகை. இது 180-ஐ விஞ்சுவதால், மறுபக்கமாகச் சுற்றி வந்தால் 159.9 பாகையே உண்டு. இதனையே கொள்வோம்.

முதற் பகுதி: 0.2284 × 0.6101 = 0.1393.
இரண்டாம் பகுதி: 0.9736 × 0.7923 × (−0.9391) = −0.7244.
கூட்டுத்தொகை: −0.5851.

கொசைன் −0.5851 ஆக உள்ள கோணம் 125.8 பாகை. இதனை 111.2-ஆல் பெருக்கினால் 13,989 கிலோமீட்டர். ஏர் இந்தியா 2021-ல் அறிவித்த நேர்த்தொலைவு 13,993 கிலோமீட்டர். அவர்களுடைய எண்ணுக்கும் நம்முடைய எண்ணுக்கும் வேறுபாடு நான்கே கிலோமீட்டர்! பூமி முழு உருண்டையன்று, துருவங்களில் சற்றுத் தட்டையானது; நாமும் எண்களைச் சுருக்கி எடுத்துக்கொண்டோம். அச்சிறு வேறுபாடு வியப்புக்குரியதன்று. ஒரு தாளும், ஓர் எழுதுகோலும், சைன் அட்டவணையும் கொண்டு ஒரு பெரிய நிறுவனத்தின் கணக்கை நாமே சரிபார்த்துவிட்டோம் என்பதே மகிழ்வதற்குரியது.

அந்நாளில் பல செய்தித்தாள்கள் அப்பயணத்தின் தூரத்தை 16,000 கிலோமீட்டர் என்று அச்சிட்டன. அது பொருந்துமா என்று பார்ப்போம். விமானம் மிகச் சரியாக வட துருவத்தின் உச்சியையே தொட்டு வந்ததாக வைத்துக்கொள்வோம். சான்பிரான்சிஸ்கோவிலிருந்து துருவம் வரை 90 − 37.6 = 52.4 பாகை, துருவத்திலிருந்து பெங்களூர் வரை 90 − 13.2 = 76.8 பாகை. ஆக 129.2 பாகை, அதாவது 14,367 கிலோமீட்டர். துருவத்தையே தொட்டுச் சென்றாலும் குறுகிய வழியைவிட 378 கிலோமீட்டரே மிகுதி. பதினாறாயிரம் என்பது தட்டைப் படத்து நேர்க்கோட்டின் நீளத்துக்கு நெருங்கியதே அன்றி, துருவ வழியின் நீளத்துக்கு நெருங்கியதன்று. அச்சில் வந்த எண் என்பதற்காக அதனை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. மாணவர் கடமை கணக்கிட்டுப் பார்ப்பதே.

நான்காம் படி: கடிகாரம் சொல்லும் கதை

இனி நேரத்தைக் காண்போம். அம்முதற் பயணத்தின் அட்டவணைப்படி, விமானம் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து சனவரி 9 இரவு 8.30 மணிக்குப் புறப்பட்டு, பெங்களூருக்குச் சனவரி 11 அதிகாலை 3.45 மணிக்கு வந்துசேர வேண்டும். அந்தந்த ஊர்க் கடிகாரத்தை மட்டும் பார்த்தால் 31 மணி 15 நிமிடம் ஆகிறது. ஆனால், குளிர்காலத்தில் அந்நகரக் கடிகாரம் இந்தியக் கடிகாரத்துக்குப் பதின்மூன்றரை மணி நேரம் பின்தங்கி நிற்கும். அங்கே ஒன்பதாம் தேதி இரவு 8.30 என்றால், இங்கே பத்தாம் தேதி காலை 10 மணி. ஆகவே 31¼ மணியிலிருந்து 13½ மணியைக் கழித்தால், உண்மைப் பயண நேரம் 17 மணி 45 நிமிடம். கோடையில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைப்பதால் வேறுபாடு பன்னிரண்டரை மணியாகக் குறையும் என்பதையும் நினைவிற் கொள்க.

இப்போது வேகம். இத்தகைய விமானம் மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கவல்லது. 13,989-ஐ 900-ஆல் வகுத்தால் 15 மணி 33 நிமிடம் வருகிறது. அட்டவணையோ அதைவிட இரண்டு மணிக்கும் சற்று மிகுதியாகக் காட்டுகிறது. அரைமணி நேரத்தை ஊர்தலுக்கும் ஏறி இறங்குவதற்கும் ஒதுக்கலாம். எஞ்சிய நேரம் எங்கே போயிற்று? இங்குதான் காற்று குறுக்கே வருகிறது.

ஐந்தாம் படி: காற்றும் சுழலும் பூமியும்

நண்பர் சிலர் என்னிடம் ஒரு வினா எழுப்பியதுண்டு. “பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறதே, விமானம் மேலே எழும்பி அப்படியே நின்றால், சேரவேண்டிய ஊர் தானே கீழே வந்துவிடாதா?” நல்ல வினா! பெங்களூரின் அட்சத்தில் நிலம் மணிக்கு ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே விரைகிறது. ஆனால், நிலத்துடன் காற்றும், காற்றுடன் விமானமும் சேர்ந்தே விரைகின்றன. ஓடும் இரயிலில் அமர்ந்து ஒரு பந்தை மேலே எறிந்தால், அது பின்பெட்டிக்கா போகிறது? நம் கைக்கே திரும்புகிறது அல்லவா?

எனினும், சுழற்சியின் விளைவு முற்றிலும் இல்லை என்று கூறிவிட இயலாது. எங்கள் ஊர்ச் சுரங்கமே அதற்குச் சான்று பகரக்கூடும். இரண்டாயிரம் மீட்டர் ஆழமுள்ள நேர்க்குத்தான ‘ஷாப்ட்’ ஒன்றின் வாயிலிருந்து ஒரு கல்லை விடுவதாக எண்ணிக்கொள்வோம். காற்றின் தடையை நீக்கிக் கணக்கிட்டால், கல் இருபது வினாடியில் அடியை எட்டும். ஆனால், நேர்கீழே விழாது, கிழக்கே ஏறக்குறைய இரண்டு மீட்டர் விலகி விழும்! மேல்மட்டம் பூமியின் மையத்திலிருந்து சற்றுத் தொலைவில் இருப்பதால், அடிமட்டத்தைவிட அது சிறிது விரைவாகச் சுழல்கிறது. அவ்விரைவைக் கல் தன்னுடன் கொண்டு இறங்குகிறது. அவ்வாறே, நிலநடுக்கோட்டின் அருகிலிருந்து துருவம் நோக்கிச் செல்லும் காற்றும் தன் கிழக்குநோக்கிய விரைவைத் தன்னுடன் கொண்டு செல்கிறது. அதனால் ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்றாறுகள் உருவாகின்றன. அவற்றின் வேகம் மணிக்கு நூறு, இருநூறு கிலோமீட்டர்; சில வேளைகளில் முந்நூறையும் தாண்டும்.

இக்காற்றாற்றை அளந்தறிந்த முன்னோடி ஜப்பானியரான வசபுரோ ஓயிஷி. ததேனோ என்னும் இடத்தில் பலூன்களைப் பறக்கவிட்டு அவர் கண்ட முடிவுகளை 1926-ல் வெளியிட்டார். உலகத்தார் அனைவரும் படிக்க வேண்டுமென்று அதனை எஸ்பெராண்டோ மொழியில் எழுதினார். ஆனால் அம்மொழியைப் படிப்பவர் மிகச் சிலராதலால், அவ்வறிக்கை நெடுநாள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. எதைக் கண்டோம் என்பதோடு, எந்த மொழியில் யாருக்குச் சொன்னோம் என்பதும் விஞ்ஞானத்தில் பொருட்படுத்தத் தக்கதே. தமிழில் விஞ்ஞானம் எழுத விழையும் நாம் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

காற்று ஒரு பக்கம் கெடுத்ததை மறுபக்கம் ஈடுசெய்துவிடும் என்று எண்ண வேண்டா. 4,000 கிலோமீட்டர் தொலைவை, மணிக்கு 900 கிலோமீட்டர் வேக விமானம், காற்றே இல்லாமல் போய்வர 8 மணி 53 நிமிடம் ஆகும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்று வீசினால், காற்றோடு போக நான்கு மணி. காற்றை எதிர்த்துத் திரும்ப ஐந்து மணி. ஆக ஒன்பது மணி. ஏழு நிமிடம் இழப்பே! எதிர்காற்றில் விமானம் அதிக நேரம் சிக்கியிருப்பதே இதற்குக் காரணம்.

இதனால்தான் விமானிகள் குறுகிய வழியைத் தேடாமல் விரைவான வழியைத் தேடுகின்றனர். எடுத்துக்காட்டாக, சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூர் வரும் 13,989 கிலோமீட்டர் பெருவட்ட வழியில் சராசரியாக மணிக்கு 60 கிலோமீட்டர் எதிர்காற்று இருப்பதாகக் கொள்வோம். அப்போது விமானத்தின் நிலவேகம் 840 ஆகும்; நேரம் 16 மணி 39 நிமிடம். துருவத்தின் மேலான 14,367 கிலோமீட்டர் வழியில் காற்று அமைதியாக இருப்பின், நேரம் 15 மணி 58 நிமிடமே. நீண்ட வழி நாற்பத்தொரு நிமிடம் மிச்சப்படுத்துகிறது! சுற்றுவழியே சுருக்குவழி ஆயிற்று.

துருவ வழிக்கு வேறு இடர்ப்பாடுகளும் உண்டு. அங்கே காந்த ஊசியை நம்ப இயலாது. கடுங்குளிரில் எரிபொருளே உறைந்துவிடும் அச்சமும் உண்டு. ‘ஜெட் ஏ’ என்னும் எரிபொருள் −40 பாகையிலும், ‘ஜெட் ஏ-1’ −47 பாகையிலும் உறையத் தொடங்கும். ஆகவே தொட்டியின் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே பறக்க வேண்டும். தேவையெனில் உயரத்தையோ வேகத்தையோ மாற்ற வேண்டும்.

ஆறாம் படி: மிகமிகக் குறுகிய வழி

பெருவட்டமே மிகக் குறுகிய வழி என்றோம். அது மேற்பரப்பில் செல்வோருக்கு மட்டுமே பொருந்தும். பூமியைத் துளைத்து நேராகச் செல்ல இயலுமாயின், அதனினும் குறுகிய வழி உண்டு. இவ்விரு விமான நிலையங்களையும் இணைக்கும் அந்நேர்க்கோட்டின் நீளம் 11,343 கிலோமீட்டர். 2,646 கிலோமீட்டர் மிச்சம்! அக்கோடு தன் நடுவில் ஏறக்குறைய 3,470 கிலோமீட்டர் ஆழத்தில், உருகிய இரும்பு கொதிக்கும் பூமியின் உட்கருவையே ஊடுருவிச் செல்கிறது. அவ்வழியே செல்லக்கூடிய பயணி யார்?

அப்படியும் ஒரு பயணி உண்டு. அதன் பெயர் நியூட்ரினோ. அப்பயணியை முதன்முதலில் வரவேற்ற ஊர்களுள் ஒன்று எங்கள் கோலார் தங்க வயல்! 1965-ல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் கூடிக் கருவிகளை அமைத்தன. எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன், மியாகே, வுல்ஃபெண்டேல் முதலிய விஞ்ஞானிகள் அப்பணியில் ஈடுபட்டனர். அண்டக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதுவதால் பிறக்கும் நியூட்ரினோக்கள் பாறையைக் கடந்து பக்கவாட்டில் வந்ததன் தடயத்தை அக்கருவிகள் பதிவுசெய்தன. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றிலும் ரைன்ஸ் என்பாரின் குழு இத்தகைய தடயத்தைக் கண்டது. ஏனைய கதிர்களை இரண்டு கிலோமீட்டர் பாறை தடுத்துவிட, நியூட்ரினோ ஒன்றே தடையின்றி நுழைந்தது.

கலிபோர்னியாவின் வானத்தில் பிறக்கும் ஒரு நியூட்ரினோ, பூமியின் உட்கருவைக் கடந்து எங்கள் ஊரை அடைய எவ்வளவு நேரம் ஆகும்? ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் அது செல்வதால், வினாடியின் இருபத்தாறில் ஒரு பங்கே! விமானத்துக்குப் பதினேழே முக்கால் மணி. நியூட்ரினோவுக்குக் கண்ணிமைக்கும் நேரமும் இல்லை. அந்த ஆழத்துக்குக் கருவிகள் போய்ச் சேர்ந்தது, தலைமுறை தலைமுறையாக எங்கள் ஊர்த் தொழிலாளர் வெட்டிய வழியாலேயே. வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த தமிழர் பலர் அத்தொழிலாளருள் இருந்தனர். விஞ்ஞான வரலாற்றில் அவர்கள் பெயர் இல்லை. அவர்கள் வெட்டிய வழி இருந்தது.

ஏழாம் படி: தங்க வயலிலிருந்து விமான நிலையம் வரை

இறுதியாக, பயணத்தின் மிகச் சிறிய பகுதியை அளப்போம். எங்கள் ஊரிலிருந்து கெம்பேகௌடா விமான நிலையம் நேர்க்கோட்டில் 67 கிலோமீட்டர். சாலை வழியே நூறு கிலோமீட்டர் அளவு. விமானத்தின் வேகத்தில் அந்த 67 கிலோமீட்டரைக் கடக்க நாலரை நிமிடம் போதும். நமக்கோ இரண்டு மணிக்கு மேல் ஆகிறது.

2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் எங்கள் ஊரார் ஆயிரக்கணக்கில் வேலை தேடிப் பெங்களூருக்கு நாள்தோறும் இரயிலேறலாயினர். மாரிக்குப்பத்திலிருந்து பங்காரப்பேட்டை 16 கிலோமீட்டர், அங்கிருந்து பெங்களூர் 70 கிலோமீட்டர், ஆக 86. போகவும் வரவும் 172. ஒரு வழிக்கு இரண்டரை மணி என்று கொண்டால் நாளொன்றுக்கு ஐந்து மணி; வாரத்தில் ஆறு நாளைக்கு முப்பது மணி. பெங்களூரிலிருந்து சான்பிரான்சிஸ்கோ போய்வரும் விமான நேரத்துக்கு இது ஏறக்குறைய ஈடாகும்! மேலும், 172 கிலோமீட்டர் வீதம் 233 நாள் சென்றால் 40,076 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவே அதுதான். எங்கள் ஊர்த் தொழிலாளி ஓராண்டு முடிவதற்குள் உலகை ஒருமுறை சுற்றி வந்துவிடுகிறார். அவருக்கு மாலை அணிவிப்பார் இல்லை. செய்தித்தாள் எழுதுவார் இல்லை. இருக்கை கிடைத்தாலே அன்றைய நாள் நல்ல நாள்!

இக்கணக்கிலிருந்து நாம் அறிவது யாது? தொலைவு என்பது நிலத்தின் அளவு. நேரம் என்பதோ மனிதன் அமைத்த வழியின் அளவு. பதினாலாயிரம் கிலோமீட்டரைப் பதினெட்டு மணிக்குள் சுருக்க அறிவும் பொருளும் செலவிட்ட உலகம், எண்பத்தாறு கிலோமீட்டரை ஒரு மணிக்குள் சுருக்க முயலுமாயின், ஒரு தொழிலாளி தன் மக்களோடு நாள்தோறும் மூன்று மணி நேரம் கூடுதலாக இருக்க இயலும். பொறியியலும் பொருளியலும் பயிலும் நம் மாணவ நண்பர்கள் தீர்க்க வேண்டிய கணக்கு இது.

பயிற்சி

1. சென்னை (வட அட்சம் 13.0, கிழக்குத் தீர்க்கம் 80.2), சிங்கப்பூர் (வட அட்சம் 1.4, கிழக்குத் தீர்க்கம் 104.0) ஆகிய விமான நிலையங்களுக்கு இடையிலான பெருவட்டத் தொலைவைக் காண்க. (விடை: ஏறக்குறைய 2,920 கிலோமீட்டர்.)

2. சிங்கப்பூர்க் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. சென்னையில் இரவு 11 மணிக்குப் புறப்படும் விமானம் சிங்கப்பூரில் காலை 5.30 மணிக்குச் சேருமாயின், பயண நேரம் எவ்வளவு? (விடை: 4 மணி.)

3. உங்கள் ஊரிலிருந்து இப்பல்கலைக்கழகம் வரை உள்ள தொலைவைப் பெருவட்ட விதியால் கணக்கிடுக. பின்னர், வீட்டு வாயிலிலிருந்து விடுதி வாயில் வரை நீங்கள் செலவிட்ட மணிகளால் அதனை வகுத்திடுக. கிடைக்கும் வேகம் உங்களை வியப்பில் ஆழ்த்தும். இதற்கு விடை என்னிடம் இல்லை. ஒவ்வொருவருக்கும் அது வேறு.